பதினெட்டு ஆயர் தாவார்

ஈப்போ பேருந்து நிலையத்தில் டைம்கீப்பர் உடையப்பனோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் கிடையாது. ஜெயிப்பது இருக்கட்டும், வாதாடிவிட்டு நேரத்துக்குச் சாப்பிடப் போனவர்கூடக் கிடையாது. எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எங்கே நின்று தாமதமானது என்று இருபத்தாறு வருடமாக நீளநீளமான நோட்டுகளில் எழுதிவந்தார். அவற்றில் அடித்தல் திருத்தல் பார்க்க முடியாது. தப்பித்தவறி இருந்தால், அது அடுத்தவன் சொன்ன பொய்யை அவர் திருத்தியதாக இருக்கும்.

அவரிடம் சட்டங்கள் பல இருந்தன. எல்லாவற்றுக்கும் தலையானது இது: ஒரு பஸ் ஒரு ஊரில் ஒரு தடவைதான் நிற்கும்.

இந்தச் சட்டத்தால் அதிகம் அடிபட்டவன் கோலகங்சார் ரூட் டிரைவர் பிச்சைமுத்து. அவனுக்கு வீடு செமோரில். தினமும் தாமதமாக வந்து, தினமும் ஒரு கதை வைத்திருப்பான்.

“அண்ணே, இன்னிக்கு செமோர்ல மூணு தடவ நிக்க வேண்டியதா போச்சு. மொதல்ல எஞ்சின் சூடு. அப்புறம் மாடு குறுக்க வந்திருச்சு. அப்புறம்…”

“அப்புறம் ஒம்பொண்டாட்டி கோப்பி கலக்கிட்டா.” உடையப்பன் பேனா மூடியைத் திறப்பார். “ஒரு பஸ்ஸு ஒரு ஊர்ல ஒரு தடவதான்டா நிக்கும்.” ஒரே ஒரு ‘செமோர்’ எழுதி மூடியை மூடிவிடுவார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இப்படிப்பட்டவருக்கு எண்பத்தொன்பதாம் ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மகள் நவமணியிடமிருந்து போன் வந்தது. பினாங்கில் பல்கலைக்கழகக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு என்னவென்று கேட்டால் உடையப்பன் நெஞ்சை நிமிர்த்தி, “மூலக்கூறு உயிரியல்” என்பார். அதற்குமேல் கேட்டால் பஸ் வந்துவிட்டது என்பார்.

அவர் மனைவி மங்களத்துக்கு அந்தப் படிப்பைப் பற்றித் தெளிவான அபிப்பிராயம் உண்டு. செமோர் பக்கத்துத் தோட்டத்தில் பதினாறு வயதிலிருந்து ரப்பர் பாலுக்குப் பட்டை கீறிப் பால்மரம் வெட்டியவள் அவள். தோட்டத்தை வீட்டுமனையாக்கி விற்றபிறகு குனோங் ராபாட்டுக்குக் குடிவந்து, இப்போது துணித் தொழிற்சாலையில் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள். மரத்தை வெட்டியதும் வடிகிற பாலை எது உறைய வைக்கிறது என்பதுதான் நவமணியின் ஆராய்ச்சி. “நான் வெட்டுன மரத்தப் படிக்கிறதுக்கு எதுக்குடி பினாங்கு வரைக்கும் போவணும்? என்னைக் கேட்டா சொல்லிட்டுப் போறேன்” என்பாள் மங்களம்.

சனிக்கிழமை போனில் நவமணிக்கு மூச்சிரைத்தது. போனிலும் இரைச்சல்தான்.

“அப்பா, நேத்து மின்னல் அடிச்சு இங்க மோடம் செத்துப் போச்சு. ஃபேக்ஸும் போச்சு. இந்த போன் மட்டும்தான் பாதி உசுரோட இருக்கு.”

“மோடம்னா யாரும்மா?”

“ஆளு இல்லப்பா, பொட்டி! கம்ப்யூட்டர போன் லைன்ல பேச வைக்கிற பொட்டி.”

விஷயம் இதுதான். கித்தா என்கிற அந்த ரப்பர் மரத்திலிருந்து அவள் ஒரு ஜீனைப் பிரித்தெடுத்து, ஆறு மாதம் பாடுபட்டு அதன் எழுத்துகளைப் படித்திருந்தாள். அந்த எழுத்துகள் கோடு கோடாக விழும் ஃபிலிமில் கடைசியானது இன்று காலைதான் கழுவி முடிந்தது. ஜெர்மனியில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. நம் எழுத்துகளை அனுப்பினால், உலகத்தில் இதுவரை படித்த ஜீன்களோடெல்லாம் ஒப்பிட்டு, எதோடு ஒட்டுகிறது என்று பதில் போடும். இதுமாதிரி உதவும் முகவரிகள் ஐந்தை அவளுடைய பேராசிரியர் டாக்டர் சலேகா ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார். ஒன்று பழைய ஜீன்களைத் தேடித் தரும், ஒன்று எழுத்தைப் புரதமாக மாற்றிக் காட்டும், மூன்றாவது இந்தப் பொருத்தம் பார்ப்பது. நவமணி அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

“வியாழக்கிழமை எல்லாத்தையும் டாக்டர் முன்னாடி வைக்கணும்ப்பா. ஏதாச்சும் ஒரு ஜீனோட ஒட்டுனாத்தான் மாஸ்டர்ஸ் படிக்க இடம். ஈப்போல என் ஸ்கூல் கூட்டாளி பாஸ்கல் வேலை பாக்குற காலேஜ்ல மோடம் இருக்கு. ஆனா அந்த லைனுக்கு வெளியிலேர்ந்து போன் பண்ண முடியாது. சனி, செவ்வா மட்டும்தான் அனுப்புவாங்க, பன்னெண்டு மணிக்கு மூடிருவாங்க. நான் படிக்கப் படிக்க நீங்க எழுதி அவருகிட்ட குடுத்துருங்கப்பா.”

“பஸ்ஸுல குடுத்து அனுப்பேன்லா.”

“இப்பவே பத்தரை. பினாங்கு பஸ்ஸு எத்தன மணி நேரம்னு ஒங்களுக்கே தெரியும்.”

தெரியும். டைம்கீப்பரை டைமாலேயே மடக்கிவிட்டாள். உடையப்பன் புது நோட்டு ஒன்றைப் பிரித்து, பேனா மூடியைத் திறந்தார்.

“எழுத்து மொத்தம் நாலுதான்ப்பா. ஏ, சி, ஜி, டி.”

“நாலேதானா? தமிழுக்கு இருநூத்து நாப்பத்தேழு. இவ்ளோ பெரிய மரத்துக்கு நாலு எழுத்தா?”

“அத அப்புறம் பேசிக்கலாம்ப்பா. எழுதுங்க. டி, சி, சி, ஜி…”

அந்த இரைச்சலில் சியும் ஜியும் டியும் ஒன்றாகவே கேட்டன. மூன்றும் ஈ ஈ என்று கொசு மாதிரி காதில் பாடின. இரண்டு நிமிடத்தில் உடையப்பன், “நிறுத்தும்மா, நிறுத்து!” என்றார். இங்கேதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. உதித்தபோது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

“ஊர் பேரு சொல்லு, இங்கிலீஷ் மொத எழுத்துப்படி. ‘ஏ’ன்னா ஆயர் தாவார். ‘சி’ன்னா செமோர். ‘ஜி’ன்னா கோப்பேங். ‘டி’ன்னா தாப்பா. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் நான் தப்பு பண்ண மாட்டேன்.”

“சூப்பர்ப்பா! லைன் மோசமா இருக்கு, தெளிவா சொல்றேன். நீங்களும் திருப்பிச் சொல்லுங்க.”

அப்படித்தான் அந்தக் கூத்து தொடங்கியது. நவமணி அங்கே சொல்ல, உடையப்பன் இங்கே தன் பஸ் ஸ்டாண்டுக் குரலில் திருப்பிச் சொன்னார். “தாப்பா! செமோர்! செமோர்! கோப்பேங்! ஆயர் தாவார்!”

பயணிகளுக்கு என்ன தெரியும்? டைம்கீப்பர் கூண்டிலிருந்து ஊர்ப்பெயர் வந்தால் பஸ் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். ஆயர் தாவாருக்குப் போகவேண்டிய இருளாயி என்ற அம்மாள் ஒவ்வொரு ஆயர் தாவாருக்கும் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, அடுத்த ஊரைக் கேட்டதும் உட்கார்ந்தாள். தாப்பாவுக்கு நின்ற நாலு சீனர்கள் மேடைக்கும் பெஞ்சுக்குமாக நடந்து களைத்தார்கள். நிஜமாகவே கோப்பேங் பஸ் வந்து நின்றபோது யாரும் நம்பவில்லை, அது காலியாகப் போனது.

“முடிஞ்சுதுப்பா. மொத்தம் முன்னூத்துப் பதினொண்ணு.”

“சரிம்மா.” உடையப்பன் எண்ணிப் பார்க்கவில்லை. எழுதியது அவர். பிறகு எதற்கு எண்ணுவது?

மோட்டார் சைக்கிளில் பறந்து பதினொன்றே முக்காலுக்குக் கல்லூரியில் இருந்தார். பாஸ்கல் நல்ல பிள்ளை, நவமணியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், கம்ப்யூட்டர் அறையில் டெக்னீஷியன். நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தான். மோடம் வாலை மிதித்த பூனை மாதிரி கத்தியது. “போவுது அங்கிள். திங்கக்கிழமை பதில் வந்துரும்” என்றான்.

“ஆக, ஜாதகம் அனுப்பியாச்சு. அங்க பொருத்தம் பாத்துச் சொல்லுவான்.”

“கரெக்டா சொன்னீங்க அங்கிள்” என்று பாஸ்கல் சிரித்தான்.

திங்கள்கிழமை காலை நவமணி மறுபடி கூப்பிட்டாள். இரைச்சல் இல்லை. லைன் சரியாகிவிட்டது, அவள் குரல்தான் உடைந்திருந்தது.

“எதோடயும் ஒட்டலையாம்ப்பா. பாஸ்கல் இப்பதான் சொன்னாரு. ஒண்ணுகூட இல்லையாம்.”

“ஜெர்மன்காரனுக்கு கித்தா மரத்தப் பத்தி என்னா தெரியும்?”

“அது இல்லப்பா. இப்படி ஒண்ணுமே இல்லாம போகாது. நான்தான் ஃபிலிம தப்பா படிச்சிருக்கேன். ஆறு மாசமும் வீண். வியாழக்கெழம வரைக்கும் எதுக்கு? நாளைக்கு மத்தியானம் நானே டாக்டர்கிட்ட போயி, ஒழுங்கா படிக்கத் தெரியலன்னு சொல்லிடுறேன். மாஸ்டர்ஸ் இடத்த வேற யாருக்காச்சும் குடுத்துருவாங்க.” பிறகு அவள் அழுதாள். உடையப்பனுக்கு அதைக் கேட்கவே முடியவில்லை.

மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போனவர், சோற்றைப் பிசைந்தபடி, “ஜெர்மனியில பொருத்தமே இல்லைன்னுட்டானாம், மங்களம். புள்ள அழுவுது” என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த காளியம்மாவின் காதில் அது விழுந்தது. சாயங்காலத்துக்குள் குனோங் ராபாட்டில் மூன்று தெருவுக்குச் செய்தி போய்விட்டது: நவமணிக்கு ஜெர்மன் மாப்பிள்ளை பார்த்தார்களாம், ஜாதகம் சேரவில்லையாம், பாவம்.

நாலரை மணிக்கு உடையப்பன் கூண்டில் உட்கார்ந்திருந்தபோது பிச்சைமுத்து வந்தான். அரை மணி லேட்.

“செமோர்ல மூணு தடவ, அண்ணே.”

உடையப்பன் வழக்கப்படி ஒரு செமோர் எழுதினார்.

அன்றைக்குப் பிச்சைமுத்துவுக்கும் என்ன சோதனையோ, பொறுமை போய்விட்டது. “அண்ணே, நின்னது நின்னதுதானே! நான் மூணு தடவ நின்னேன். நீங்க ரெண்ட வெட்டிட்டா நிக்கலன்னு ஆயிருமா? ரூட்டுல நடந்தத எழுதுறதுக்கு ஒக்கார்ந்திருக்கீங்களா, ஒங்களுக்குப் புடிச்சத எழுதுறதுக்கா?”

உடையப்பன் பதிலுக்கு வாயைத் திறந்தார். வாயில் வந்தது பதிலல்ல, சனிக்கிழமை கூவிய ஊர்கள்.

தாப்பா, செமோர், செமோர், கோப்பேங்.

மேசை இழுப்பறையிலிருந்து அந்தப் புது நோட்டை எடுத்தார். பிரித்தார். முதல் வரி: டி, சி, ஜி. வாயால் இரண்டு செமோர் சொன்னார், நன்றாக ஞாபகம் இருக்கிறது. கை ஒன்றுதான் எழுதியிருந்தது. லைன் மோசம் என்பதால் பிள்ளை தெளிவுக்காக இரண்டு தடவை சொல்கிறாள் என்று கை தானாகவே முடிவு செய்துவிட்டது. நாலு பக்கத்திலும் ஓர் எழுத்துக்குப் பக்கத்தில் அதே எழுத்து எங்கேயும் இல்லை. கடைசியில் அவள் ஆயர் தாவார், ஆயர் தாவார் என்று கீறல் விழுந்த இசைத்தட்டு மாதிரி சொல்லிக்கொண்டே போனாளே, அங்கே ஒரே ஒரு ஏ, பக்கத்தில் அழகான முற்றுப்புள்ளி.

எண்ணினார். இருநூற்று இருபத்தாறு. எண்பத்தைந்து எழுத்தை அவர் தின்றிருந்தார்.

பிச்சைமுத்து பயந்துபோனான். “அண்ணே, நான் சும்மா சொன்னேன்லா. ஒண்ணே எழுதிக்குங்க.”

“போடா” என்றார் உடையப்பன், சத்தமே இல்லாமல்.

இது அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். நோட்டு அவரிடம் இருக்கிறது, கிழித்துப்போட்டால் முடிந்தது. ஃபிலிமைத் தப்பாகப் படித்ததாகப் பிள்ளையே நம்புகிறாள். படிக்கிற பிள்ளைக்கு ஒரு தடவை தவறினால் உலகம் மன்னிக்கும். இருபத்தாறு வருடம் ‘என் நோட்டில் பிழை இருக்காது’ என்று எல்லாரையும் வாட்டியெடுத்த டைம்கீப்பரை எவன் மன்னிப்பான்? வெட்கத்தோடு சொல்லவேண்டும், மனிதர் ஐந்து நிமிடம் நிஜமாகவே இப்படி யோசித்தார். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், அவள் அழுத குரலை எதில் மறைப்பது? நாளைக்கு அவள் டாக்டர் முன்னால் போய், செய்யாத தப்பைச் செய்தேன் என்று சொல்வாள். அந்த நினைப்பிலேயே எழுந்து போனை எடுத்தார். ஐந்து மணிக்கு அங்கே ஆபீஸ் மூடிவிடுவார்கள், இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.

“நவமணி, நீ தப்பா படிக்கல.”

“ஆறுதல் சொல்லாதீங்கப்பா.”

“ஆறுதல் இல்லம்மா. சாலா என் மேல, தப்பு என்னோடதுதான். நீ ரெண்டு செமோர் சொன்னா நான் ஒண்ணு எழுதியிருக்கேன். ஒரு ஊர்ல பஸ்ஸு ஒரு தடவதான் நிக்கும்னு… கை பழகிப்போச்சு. எண்பத்தஞ்சு எழுத்த நான் வெட்டிட்டேன்.”



“காலையிலேர்ந்து அந்த ஃபிலிம பத்து தடவ படிச்சேன்ப்பா” என்றாள் நவமணி. “கண்ணு ரெண்டும் எரியுது. ஒவ்வொரு தடவயும் சரியாத்தான் வந்துச்சு. நான் பைத்தியமாயிட்டேன்னு நெனச்சேன்.” அவளுக்குக் கோபம்தான். இல்லாமல் இருக்குமா? உடையப்பன் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். போனில் தலை குனிந்தால் யாருக்குத் தெரியும், ஆனாலும் குனிந்தார்.

“நாளைக்கு செவ்வாக்கெழம. மொத பஸ்ஸுல தாளக் குடுத்து அனுப்பிரும்மா. பதினொண்ணுக்கெல்லாம் இங்க வந்துரும், எனக்குத் தெரியாதா? இனிமே நான் பேனாவையே தொடல.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் சொன்னாள்: “பஸ்ஸு வேணாம்ப்பா. நான் ஒம்போது மணிக்குக் கூப்பிடுறேன். நீங்களே எழுதுங்க.”

ரிசீவரை வைத்துவிட்டு உடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ் புகை என்று டிக்கெட் கவுண்டர்காரனிடம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை அவர் தனியாக உட்காரவில்லை. லீவில் இருந்த பிச்சைமுத்துவை வரச்சொல்லி, பக்கத்தில் உட்கார வைத்து, கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடும் கருவியைக் கையில் கொடுத்திருந்தார். அவர் ஓர் ஊர் சொன்னால் அவன் பழைய டிக்கெட்டில் ஓர் ஓட்டை போடவேண்டும். டிக்கெட்டுக்குப் பத்து ஓட்டை. பிச்சைமுத்துவுக்கு இப்படி ஒரு நாள் வாழ்க்கையில் வந்ததில்லை.

“செமோர்! செமோர்!”

“ரெண்டு ஓட்ட போட்டாச்சு, அண்ணே. நீங்க ரெண்டு எழுதுனீங்களா?”

“எழுதிட்டேன்டா.”

“காட்டுங்க.”

காட்டினார். உடையப்பன் தன் நோட்டைப் பிச்சைமுத்துவிடம் காட்டினார் என்ற செய்தி பேருந்து நிலையம் முழுக்கப் பரவி, கண்டக்டர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அன்றைக்கும் ஆயர் தாவாருக்குப் போக வந்திருந்த இருளாயியும் கூடையோடு பெஞ்சில் இருந்தாள். இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று கெட்டியாக உட்கார்ந்திருந்தாள்.

கடைசி வரிக்கு வந்தார்கள். “ஆயர் தாவார்! ஆயர் தாவார்! ஆயர் தாவார்!…”

ஏழாவதில் இருளாயியால் தாங்க முடியவில்லை. “அண்ணே, எத்தன பஸ்ஸுதான் விடுறீங்க? ஒண்ணையாச்சும் கண்ணுல காட்டுங்களேன்!”

உடையப்பனுக்கும் அந்த இடத்தில் கை கூசியது. “நவமணி, நெசமாவே இத்தன இருக்கா?”

“பதினெட்டுப்பா. அது வாலு. ஜீன் தன் சேதிய எழுதி முடிச்சதும் இப்படித்தான் வரிசையா ஏ போட்டு முடிக்கும்.”

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். முகம் தெளிந்தது. “அட, அப்படிச் சொல்லு! கடைசி ஸ்டாண்டு. பஸ்ஸ அங்கயே நிறுத்திப்போட்டு எஞ்சின ஆஃப் பண்ணிட்டான்.” பதினெட்டையும் எழுதினார். முப்பத்தொரு டிக்கெட், மேலே ஓர் ஓட்டை. முந்நூற்றுப் பதினொன்று.

மறுநாள் காலை பாஸ்கலே பேருந்து நிலையத்துக்கு ஓடிவந்தான். ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளத் தாள் கையில் பறந்தது. கித்தா மரத்தின் எழுத்து மேல் வரியில், வேறொரு செடியின் எழுத்து கீழ் வரியில், ஒத்துப்போகிற இடத்தில் எல்லாம் நடுவே இரட்டைப் புள்ளி. உடையப்பனுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

“ரெண்டு பஸ்ஸும் ஒரே ரூட்டு” என்றார். “இந்தா, இங்க மட்டும் இவன் நிக்காம போயிட்டான். கீழ ஓடுறது யாரு?”

“உருளைக்கிழங்குச் செடி, அங்கிள். காயம் பட்டா அது சுரக்கிற ஒண்ணு. நவமணிக்கு போன் பண்ணிட்டேன். கத்துன கத்துல காது போச்சு.”

அன்று வீட்டில் இதைக் கேட்ட மங்களம், “வெட்டுனா மரத்துக்குக் காயம் படும்னு கண்டுபுடிக்க ஜெர்மனி வரைக்கும் போனீங்களாக்கும்” என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாமி விளக்கை ஏற்றினாள். வேலியோரம் நின்ற காளியம்மாவிடம் உடையப்பன், “பொருத்தம் அமைஞ்சிருச்சு!” என்று தானாகவே அறிவித்தார். மாப்பிள்ளை உருளைக்கிழங்கு என்று மட்டும் சொல்லவில்லை.

நவமணிக்கு மாஸ்டர்ஸ் இடம் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து, பைண்டு செய்த அவளுடைய ஆய்வேடு பினாங்கு பஸ்ஸில் வந்து இறங்கியது. நாற்பத்தோராம் பக்கத்தில் முந்நூற்றுப் பதினொரு எழுத்தும் அச்சாகியிருந்தன. அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு இருந்தது.

“என்னா போட்டிருக்கு? படிங்க” என்றாள் மங்களம். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது.

உடையப்பன் கண்ணாடியைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, தமிழில் படித்துச் சொன்னார்: “‘இவ்வெழுத்துகளைத் தொலைபேசியில் கேட்டு எழுதியவர் என் தந்தை, ஈப்போ டைம்கீப்பர் உடையப்பன். அவர் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை.’” படித்து முடித்து ஆய்வேட்டை மூடப் போனார்.

மங்களம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன, கண் தெரியும். “இருங்க. கீழ ரெண்டு சொல்லு இன்னும் நிக்குதே. அத ஏன் வெட்டுறீங்க? இருக்கறத எல்லாம் படிங்க.”

உடையப்பன் தப்பிக்க வழி இருக்கிறதா என்று வாசலைப் பார்த்தார். எந்த பஸ்ஸும் வரவில்லை.

“‘இரண்டாம் முறை’” என்று படித்தார்.